முன்னால் போன குரூஸர்

மார்ச் 3, ஞாயிறு

அணை வரை போய்த் திரும்பினோம். ஆறு வண்டிகள், எல்லாம் முன்னால் குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக். வழக்கம்போல் கேப்டன் முன்னால், நான் இரண்டாவது, ஹெல்மெட்டில் கேமராவை ஒட்டிக்கொண்டு வாத்தியார் மூன்றாவது. பதினொரு வருடமாக இதே வரிசை. கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை, லிஃப்ட் மெக்கானிக். வாத்தியார் மட்டும் நிஜமாகவே வாத்தியார், கணக்கு.

அணைப் பக்கத்து டீக்கடையில் ஒரு குரூஸர் பைக் நின்றிருந்தது. அகல ஸீட், நீண்ட ஹாண்டில்பார், இரண்டு பக்கமும் தோல் பெட்டி. ஓட்டிவந்த அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வண்டி ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் செய்வதுதான். எங்களில் ஒருவரும் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. "சோபாவுக்கெல்லாம் கை காட்டற அளவுக்கு நாம எறங்கல" என்றான் கேப்டன். சிரித்தோம்.

குரூஸருக்கு சோபா என்று பெயர் வைத்தவன் நான்தான். ஏதோ ஒரு பயணத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இப்போது எங்கள் குழுவின் முகநூல் பக்கத்தைப் படிக்கிற மூவாயிரம் பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வளைவு வந்தால் பஸ் மாதிரி திரும்பும், காலை நீட்டிக்கொண்டு ஊர்கோலம் போவார்கள், ஓட்டுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம்தான் அதிகம். எங்கள் பாட்டு இதுதான்.

திரும்பும் வழியில் வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். உதறினேன், சரியாகிவிட்டது. குளிர்காற்றாக இருக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

கடைக்குள் ஏது குளிர்காற்று?

ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று முறை கை நழுவிக் கீழே விழுந்தது. எள்ளைவிடச் சின்னத் திருகு. டார்ச் அடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்தேன். "தம்பி, நீங்க முதல்ல ஒரு கண்ணாடி போட்டுக்கங்க" என்றார் பெரியவர். நானும் சிரித்துவைத்தேன். பதினெட்டு வருடம் இதே மேசை. கண்ணை மூடிக்கொண்டு திருகு மாட்டுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன்.

மார்ச் 8, வெள்ளி

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு நாளைக்கு நூறு கையைப் பிடித்துப் பார்க்கிறவளிடம் என் கையை எத்தனை நாள் ஒளிக்க முடியும்? சட்டைப் பொத்தானோடு நான் மல்லுக்கட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். சாயங்காலம் நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

கழுத்தில் ஒரு நரம்பு அழுந்துகிறதாம். "நாள் பூரா குனிஞ்சு வேலை, ஞாயித்துக்கிழமையும் குனிஞ்சு வண்டி. கழுத்து என்ன பண்ணும், பாவம்" என்றார் டாக்டர். பதினெட்டாம் தேதி ஸ்கேன். அதுவரை வண்டியைத் தொடக் கூடாது. பிடி எப்போது விட்டுப்போகும் என்று சொல்ல முடியாதாம். பிறகும் ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நிமிர்ந்து உட்காருகிற வண்டி. "குரூஸர் மாதிரி ஏதாவது."

படியிறங்கும்போது மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுவில் எப்படிச் சொல்வது? சோபாவில் உட்காரப் போகிறேன், வழி விடுங்கள் என்றா?

மார்ச் 9, சனி

நாளை மலைப்பாதை. வரவில்லை என்று மூன்று தடவை டைப் செய்து மூன்று தடவையும் அழித்தேன். மனைவிக்கு நாளை காலை ஷிஃப்ட், ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள்.

இந்த ஒரு தடவை. கையும் இன்று பரவாயில்லை. கடைசித் தடவை.

மார்ச் 10, ஞாயிறு

கேப்டன் ஆஸ்பத்திரியில். தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள்.

உயிருக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை.

மேலே எழுத முடியவில்லை.

மார்ச் 11, திங்கள்

நடந்ததை நடந்தபடி இங்காவது எழுதிவிடுகிறேன்.

ஏழாவது வளைவு. எங்களுக்கு முன்னால் ஒரு குரூஸர் போய்க்கொண்டிருந்தது. அணையில் பார்த்த அதே அம்மா, அதே தோல் பெட்டிகள். வளைவுக்குள் மேலிருந்து சரளைக்கல் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. அந்த அம்மா வேகத்தைக் குறைத்து, இடது கையை நீட்டித் தரையைக் காட்டினார். பின்னால் வருகிறவர்கள் பார்த்து வாருங்கள் என்று. கேப்டன் பார்த்தான், பிரேக் பிடித்தான். சரியாகத்தான் பிடித்தான். நானும் பார்த்தேன். பிடி என்று கைக்குச் சொன்னேன்.

விரல் மடங்கவில்லை.

கால் பிரேக் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருவதற்குள் என் முன்சக்கரம் அவன் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டது. இடி என்று கூடச் சொல்ல முடியாது. ஒரு தட்டு. அவ்வளவுதான். அவன் வண்டி சரளையில் இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. நான் விழவில்லை. ஏன் நான் விழவில்லை?

முதலில் ஓடிவந்தது அந்த அம்மாதான். கால்நடை டாக்டராம், தோல் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் மருந்தும் ஊசியும். "மாட்டுக்கு இந்த எலும்பே கிடையாது. ஆனாலும் கட்டத் தெரியும், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் துப்பட்டாவால் கேப்டன் கையைக் கழுத்தோடு கட்டினார். அந்த வலியிலும் அவன் சிரித்தான்.

வாத்தியாரும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். வாத்தியார் நேராக அவரிடம் போய்க் கத்தினார், வளைவில் வண்டியைப் போட்டுவிட்டு நின்றால் பின்னால் வருகிறவன் என்ன ஆவான் என்று. அந்த அம்மா கல்லைக் காட்டினார். ஒருத்தரும் கல்லைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதானே நேர் பின்னாடி வந்தே. நீ சொல்லு" என்றார் வாத்தியார்.

"திடீர்னு ஸ்லோ பண்ணிட்டாங்க" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் பெட்டியை மூடினார்.

மார்ச் 12, செவ்வாய்

வாத்தியார் வீடியோவைப் போட்டுவிட்டார். "சோபா ஓட்டிகளால் யாருக்கு ஆபத்து?" என்று தலைப்பு. முப்பத்திரண்டு நொடி. என் முதுகு மறைப்பதால் சக்கரங்கள் தொட்டதும் அந்த அம்மா கை காட்டியதும் தெரியவில்லை. குரூஸர் மெதுவாவது தெரிகிறது. கேப்டன் விழுவது தெரிகிறது. குரூஸரின் நம்பரும் தெரிகிறது.

பதினோராவது நொடியில், பிரேக் பிடித்ததும், கேப்டனின் பின்விளக்கு சிவப்பாக எரிகிறது. என்னுடையது எரியவில்லை. பதிமூன்றாவது நொடியில்தான் எரிகிறது, கால் பிரேக்கை மிதித்தபோது.

இன்று மட்டும் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். கடையில், பஸ்ஸில், கழிவறையில். பார்க்கிறவன் ஒவ்வொருவனும் அந்த விளக்கைத்தான் பார்ப்பான் என்று தோன்றுகிறது. ஆனால் கீழே எழுதியிருப்பவர்களில் ஒருத்தன்கூட என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாம் அந்த அம்மாவைப் பற்றி. வயதான காலத்தில் இது எதற்கு, ஸ்டைலுக்கு ஓட்டுகிறவர்கள், லைசென்ஸைப் பிடுங்க வேண்டும், இன்னும் என்னென்னவோ. எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாதிப் பேர் என் சொல்லைத்தான் சொல்லித் திட்டுகிறார்கள்.

நிம்மதியாக இருந்தது. அதையும் எழுத வேண்டும் இல்லையா? இரண்டு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

மார்ச் 14, வியாழன்

கேப்டனைப் பார்க்கப் போனேன். பிளேட் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. லிஃப்ட் வேலையில் தலைக்கு மேல் தூக்காமல் என்ன செய்வான்? அவன் மனைவி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணா, நீங்க பின்னாடி இருந்ததாலதான் இவரு மேல வேற வண்டி ஏறாம தப்பிச்சாரு" என்றாள்.

கொண்டுபோன ஆப்பிளை வைக்க இடம் தேடுகிறவன் மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது கேப்டன் சொன்னான். "விழறதுக்கு முன்னாடி பின்னால ஏதோ தட்டின மாதிரி இருந்துச்சுடா."

"கல்லு தெறிச்சிருக்கும்."

"இருக்கும்" என்றான். நம்பித்தான் சொன்னான். அவன் நம்பாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 16, சனி

யாரோ நம்பரை வைத்துப் புதன்கிழமையே அந்த அம்மாவின் கிளினிக்கைக் கண்டுபிடித்திருக்கிறான், இன்றுதான் கவனித்தேன். முகவரி, போன் நம்பர் எல்லாம் பக்கத்தில் வந்துவிட்டது. போன் போட்டுத் திட்டியதைச் சிலர் பெருமையாக எழுதியிருக்கிறார்கள்.

வாத்தியாரைக் கூப்பிட்டு, போதுமே, வீடியோவை எடுத்துவிடலாமே என்றேன். "உனக்கென்ன சோபா மேல திடீர்னு பாசம்?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். சும்மா சொன்னேன் என்று போனை வைத்துவிட்டேன்.

கோழை. வேறென்ன.

மார்ச் 17, ஞாயிறு

யாரும் வண்டி எடுக்கவில்லை. கை மரக்கவில்லை. மரத்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 18, திங்கள்

ஸ்கேன் முடிந்தது. குழாய்க்குள் இருபது நிமிடம் அசையாமல் கிடந்தபோதும் பதினோராவது நொடிதான்.

வெளியே மனைவி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சட்டை மாட்டும்வரை காத்திருந்து பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு கேட்டாள்.

"என்னங்க, அன்னிக்கு உங்க விளக்கு ஏன் லேட்டா எரியுது?"

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவளுக்குப் பதில் தேவையாகவும் இல்லை. வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவள். ஆட்டோவில் வீடு வந்தோம். பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இதை வச்சுக்கிட்டு நீங்க எப்படிச் சாப்பிடறீங்கன்னுதான் தெரியல."

சாப்பிடவில்லை. எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 19, செவ்வாய்

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த கிளினிக்குக்குப் போனேன். ஒரு பெரிய அறை, நடுவே துத்தநாகத் தகடு போட்ட மேசை. பெஞ்சில் ஒரு கிழவர், மடியில் கண்ணில் கட்டோடு ஒரு பூனை. குரூஸர் பின்பக்கம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது.

என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பூனைக்குக் கட்டு மாற்றி, கிழவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "திட்ட வந்தீங்களா? நேர்ல வந்து திட்டற முதல் ஆள் நீங்கதான்."

சொன்னேன். கை, நரம்பு, டாக்டர் தடுத்தது, பிரேக், விளக்கு. வரிசையாகச் சொல்ல வரவில்லை. முன்னுக்குப் பின் உளறினேன். முடித்ததும் அவர் என் வலது கையை வாங்கித் தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். "இதை வச்சுக்கிட்டா மலைக்குப் போனீங்க?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது.

"புதனிலேர்ந்தே எவனெவனோ போன் பண்ணித் திட்டறான். தெரியாத நம்பர்னா எடுக்கறதையே விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு பண்ணையிலேர்ந்து புது நம்பர்ல ஒன்பது தடவை கூப்பிட்டிருக்காங்க. வயித்துக்குள்ள கன்னு குறுக்கால நின்னுடுச்சு. இருபது நிமிஷத்துல போயிருப்பேன். நான் போகல. பசு, கன்னு ரெண்டும் போயிடுச்சு."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

"பசு கன்னு போடற நேரத்துல காட்டுவழியில நாப்பது கிலோமீட்டர் போகணும். முதுகு தாங்கற வண்டி எனக்கு இது ஒண்ணுதான். நீங்க எல்லாம் எங்களுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு தெரியும். நாங்களும் உங்களுக்குப் பேரு வச்சிருக்கோம். கொசு." கொஞ்சம்கூடச் சிரிக்காமல்தான் சொன்னார். "எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் முதல்லேர்ந்தே தெரியுமே. யாருக்குத் தெரியாதோ அங்க போய்ச் சொல்லுங்க."

மார்ச் 20, புதன்

கேப்டனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பார்க்கப் போனேன். மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, அவன் மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

கல்லு இல்லடா, நான்தான். இப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

கத்துவான் என்று நினைத்தேன். கையில் இருப்பதை எறிவான், அல்லது அழுவான். ஒன்றும் செய்யவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் எப்போ சொன்னாரு?"

"எட்டாம் தேதி."

"பத்தாம் தேதி காலைல டீக்கடையில என் பக்கத்துலதானே நின்னே."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்பேன்? என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சே?"

சிரித்திருப்பாய் என்று நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குப் புரிந்திருக்கும், எங்கள் குழு எதற்கெல்லாம் சிரிக்கும் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். நல்ல கையால் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போ."

மார்ச் 21, வியாழன்

பக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டேன். பதினோராவது நொடியைப் பாருங்கள், என் விளக்கைப் பாருங்கள் என்று தொடங்கி எல்லாம். அந்த டாக்டர் கை காட்டி எச்சரித்தது, கல், என் பொய், பண்ணையில் நடந்தது. சோபா என்ற பெயரை நான்தான் வைத்தேன் என்பதையும் எழுதினேன். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன், ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அனுப்பிவிட்டு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

வாத்தியார் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கிவிட்டார். குழுவிலிருந்து என்னையும்.

மார்ச் 24, ஞாயிறு

இப்போது திட்டெல்லாம் எனக்கு. கடைக்கும் இரண்டு போன் வந்தது, முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கை சரியாகும்வரை கவுன்டரில் உட்கார், திருகைத் தொடாதே என்றார்.

அந்த டாக்டரைத் திட்டியவர்களில் மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்களாம், மனைவி படித்துச் சொன்னாள். மூவாயிரத்தில் மூன்று. அவர் அங்கே ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: ஏழாவது வளைவில் கல்லை அள்ளிவிட்டார்கள், எட்டாவதில் இன்னும் கிடக்கிறது, பார்த்துப் போங்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கழுத்துப் பட்டை, பயிற்சி, மாத்திரை. ஆபரேஷன் வேண்டியிருக்காது என்கிறார் டாக்டர். வண்டியை விற்றாயிற்று. பையன்கள் இரண்டு பேர் வந்து எடுத்துப் போனார்கள். தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கொசுதான்.

கேப்டனுக்குப் பதினேழு தடவை போன் செய்தாயிற்று. எடுக்கவில்லை. இனி செய்து அவனைத் தொந்தரவு படுத்தக் கூடாது.

ஏப்ரல் 25, வியாழன்

மருந்துக்கடையில் கேப்டனின் மனைவியைப் பார்த்தேன். அண்ணா என்று கூப்பிடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்: எலும்பு சேர்ந்துவிட்டது, தோளில் வலி இருக்கிறது, லிஃப்ட் கம்பெனியில் இப்போதைக்கு ஆபீஸ் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் அவனா? நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார மாட்டானே.

வாங்க வந்த மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 20, திங்கள்

திருகு மாட்டினேன். ஒன்று. விழவில்லை.

ஜூன் 1, சனி

காலையில் கேப்டனின் போன். நலமா, எப்படி இருக்கிறாய், ஒன்றும் கிடையாது. பதினோரு மணிக்குப் பக்கத்து ஊர் பைக் ஷோரூமுக்கு வா என்றான். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டான். பஸ்ஸில் போகும்போது என்னென்னவோ நினைத்தேன். எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறானா? அடிக்கப் போகிறானா? அடித்தாலும் சரி.

தனியாகத்தான் நின்றிருந்தான். இளைத்திருந்தான். எதிரே ஒரு குரூஸர், கறுப்பு, கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார்கள்.

"குனிஞ்சா தோள் தாங்க மாட்டேங்குது. டாக்டர் இதைத்தான் ஓட்டலாம்னாரு" என்றான், வண்டியைப் பார்த்தபடி. அவனுக்கும் சோபாதான்.

ஏறி உட்கார்ந்தான். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் துழாவினான். விற்பனைக்காரர் பணிவாக முன்னால் இருக்கிற மிதியைக் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது; அடக்கியது சிரிப்பையா வேறெதையாவதா, தெரியவில்லை.

"இப்போதைக்கு நம்ம பசங்களுக்குத் தெரிய வேணாம்" என்றான் மெதுவாக. சொல்லிவிட்டு யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்த்தான்.

"இல்ல. நானே சொல்லிடறேன்."

ஓட்டிப் பார்க்கலாம் என்று விற்பனைக்காரர் சாவியைக் கொடுத்தார். கேப்டன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

"ஏண்டா நிக்கறே? ஏறு. ஆள் உக்காந்தா எப்படித் திரும்புதுன்னு பார்க்கணும்."

ஏறி அவன் பின்னால் உட்கார்ந்தேன். வலது தோளில் கை படாமல் இடது தோளைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் ஓட்டினான்.